பிரான்சு போகிறவர்களுக்கு: எந்தத் தேவாலயத்தின் ஒளிக்காட்சியைப் பார்ப்பது?

புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பிரான்சில் ஒரு சித்தப்பாவோ அக்காவோ இருக்கிறார்கள். விசா கிடைத்து டிக்கெட் எடுத்ததும் பட்டியல் போட உட்கார்ந்தால் ஈஃபில் கோபுரம், லூவ்ர், லூர்து மாதா கோயில் என்று எல்லார் பட்டியலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சில வருடங்களாக அதில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது: பழைய தேவாலயத்தின் சுவரிலும் கூரையிலும் ஒளியால் படம் தீட்டுகிற டிஜிட்டல் காட்சி. அங்கிருக்கும் தம்பி யாராவது வாட்ஸ்அப்பில் சின்ன வீடியோ ஒன்று அனுப்பியிருப்பான். கோயில் முழுக்க நீலமும் பொன்னுமாக மின்னும். கீழே ‘வந்தா இதைக் கண்டிப்பா பாக்கணும்’ என்று எழுதியிருக்கும்.

பார்க்கலாம்தான். ஆனால் பாரிஸிலும் அதைச் சுற்றியுமே இப்படிச் சில இருக்கின்றன. கொஞ்சம் தள்ளிப் போனால் லண்டன், ஃபிளாரன்ஸ், ஸ்பெயின் என்று பட்டியல் நீள்கிறது. உறவினர் வீட்டு விருந்து, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் போக, ஊர் சுற்றக் கிடைப்பது சில மாலைகள்தான். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். இந்த மாதிரிக் காட்சி இரண்டாவதிலேயே அலுக்க ஆரம்பிக்கும் என்பது என் எண்ணம். ஒன்றை எடுத்து உருப்படியாகப் பார்ப்பது மேல்.

எதை எடுப்பது என்று முடிவு செய்ய எனக்கு ஒரு கேள்வி போதும். இந்தக் காட்சியை அப்படியே பெயர்த்து ஒரு மாலின் காலி ஹாலில் வைத்தால் என்ன குறையும்? ஒன்றும் குறையாது என்றால், தேவாலயம் அங்கே வெறும் பெரிய திரை. அந்தக் கட்டடத்தை எடுத்துவிட்டால் காட்சியே இல்லை என்றால், அதற்காக ரயில் ஏறலாம்.

இந்தக் கேள்வியில் முதலில் அடிபடுவது ஃபிளாரன்ஸ். போன்தே வெக்கியோ பாலத்துக்குப் பக்கத்தில் சாந்தோ ஸ்தெஃபானோ என்ற பழைய கோயில் இருக்கிறது. வழிபாடு நின்றுபோன அந்தக் கட்டடத்தில் இன்று டிஜிட்டல் காட்சிக்கூடம் நடக்கிறது. கிளிம்ட், மக்ரித் போன்றவர்களின் ஓவியங்களைப் பெரிதாக்கிச் சுவரெங்கும் ஓடவிட்டிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வகைக் காட்சி பெட்டியில் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகக்கூடிய சரக்கு. அதைவிட, சில நிமிட நடையில் உஃபீட்சி அருங்காட்சியகமும் போத்திச்செல்லியின் அசல் ஓவியங்களும் இருக்கிற ஊரில், புரொஜெக்டர் காட்டுகிற படத்தின் படத்தைப் பார்க்க ஏன் நேரம் செலவழிக்க வேண்டும்?

லூக் ஜெரம் என்ற ஆங்கிலேயக் கலைஞரின் நிலா உருண்டையும் பூமி உருண்டையும் இதே ரகம் என்று சிலர் சொல்வார்கள். ஏழு மீட்டர் விட்டமுள்ள உருண்டை, மேலே நாசாவின் படங்கள் அச்சிட்டது, உள்ளிருந்து ஒளி வரும். இங்கிலாந்தின் பல பேராலயங்களில் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். இது எங்கும் நிரந்தரமாக இருக்காது. போகிற ஊரில் அப்போது இருந்தால் எட்டிப் பாருங்கள், தேடிப் போக வேண்டாம்.

மிச்சம் இருப்பவை ஆன்வலீத், ஷார்த்ரு, அமியான், லண்டன், அப்புறம் ஸ்பெயின் பக்கத்துப் பிரெனே மலையில் ஒரு சின்னக் கோயில்.

பாரிஸை விட்டு நகர முடியாதவர்களுக்கு ஆன்வலீத். காயம்பட்ட, வயதான படைவீரர்களுக்காக 14ஆம் லூயி 1670இல் தொடங்கிய இல்லம் இது. பிரெஞ்சுப் படையில் ஆள் இருந்த நம் ஊர்ச் சொல்தா குடும்பங்களுக்கு இந்த இடத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாத்தாவின் பிரெஞ்சு பென்ஷன் வருகிற தேதியை வைத்து வீட்டுக் கணக்கு போட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த வளாகத்துக்குள் ஆர்துவான் மான்சார் வடிவமைத்து 1706இல் முடிந்த குவிமாடக் கோயிலில்தான் ‘ஓரா’ என்ற காட்சி 2023இல் தொடங்கியது. குவிமாடத்தின் உயரம் 107 மீட்டர். நடுவில் பள்ளத்தில் நெப்போலியனின் கல்லறை. உடல் 1840இல் பாரிஸுக்கு வந்துவிட்டாலும் இந்தக் கல்லறைக்குள் வைக்கப்பட்டது 1861இல், மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில். பெரியப்பாவுக்குத் தம்பி மகன் செய்த கடமை என்று வைத்துக்கொள்ளலாம். துய்மா வீதியில் நம் கப்ஸ் கோயிலில் இருக்கும் மாதா ஓவியம் அதே மூன்றாம் நெப்போலியன் அனுப்பியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு போனால், அந்தக் குவிமாடத்தின் கீழ் நிற்கும்போது கொஞ்சம் உறவு முறை கொண்டாடலாம்.

காட்சி எப்படி? நல்ல வேலைப்பாடு. நடந்து சுற்றிப் பார்ப்பது, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தூண், வளைவு, குவிமாடத்தின் உட்புறம் என்று ஒவ்வொரு கோட்டையும் ஒளி தடவிக்கொண்டு போகும்போது, பகலில் கண்ணில் படாத கட்டட வேலையெல்லாம் தெரிய வரும். ஆனால் என் கேள்விக்கு இது பாதி மார்க்குதான் வாங்குகிறது. இதைச் செய்த மோமென்ட் ஃபேக்டரி கனடாவின் மொன்றியல் நகரத்து நிறுவனம். அங்கே நோத்ர்தாம் பசிலிக்காவில் 2017இலேயே இதே ‘ஓரா’ என்ற பெயரில் காட்சி நடத்தத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்துத்தான் செய்கிறார்கள், அதை மறுக்கவில்லை. இருந்தாலும் பொங்கி எழும் இசை, பொன்னிறத் துகள், திடீர் இருட்டு, மறுபடி வெளிச்சம் என்ற சமையல் பக்குவம் இரண்டு இடத்துக்கும் பொதுவாகவே இருக்கிறது. நெப்போலியன் அங்கே கிடக்கிறார் என்பதால் காட்சிக்குப் பெரிதாக எந்த அழுத்தமும் கூடவில்லை.

இதன் பலம் வசதி. மழையும் குளிரும் உள்ளே வராது, முடிந்ததும் மெட்ரோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். சீட்டு வாங்கித்தான் போக வேண்டும், நான்கைந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அது கணிசமான தொகை. முட்டி வலிக்கிற அம்மாவோடு போகிறவர்கள் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஷார்த்ரு வேறு மாதிரி. மோன்பர்னாஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். 2003இலிருந்து அங்கே வசந்தத்தில் தொடங்கிப் பல மாதங்கள் இரவானால் ஊரே ஒளிக்காட்சியாகிவிடுகிறது. பேராலயம் மட்டுமல்ல, பாலம், பழைய வீடு, ஆற்றங்கரை என்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள். நடந்துகொண்டே பார்க்க வேண்டியது, காசும் இல்லை. குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டாம், ஐஸ்கிரீம் தின்றுகொண்டே சுற்றலாம்.

ஆனால் ஷார்த்ருக்குப் போவதற்கு உண்மையான காரணம் புரொஜெக்டர் அல்ல, கண்ணாடி. 1194இல் தீயில் பெரும்பகுதி எரிந்துபோய்த் திரும்பக் கட்டிய கோயில் அது. சன்னல்களில் இருக்கும் வண்ணக் கண்ணாடியில் பெரும்பாலானவை 12, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மொத்தம் சுமார் 2,600 சதுர மீட்டர், நம் கணக்கில் 28,000 சதுர அடி. 1939இல் போர் வந்தபோது அத்தனையையும் கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்பப் பொருத்தினார்கள். புதுச்சேரி ஸ்டேஷன் பக்கம் இருக்கும் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் 28 புனிதர்களின் கண்ணாடி ஓவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயம் சட்டென்று புரியும். 1907இல் திறந்த நம் கோயிலும் அதே கோதிக் கட்டடப் பாணியில் வந்த பேத்திதான். கண்ணாடிக்குச் சூரியன் வேண்டும், புரொஜெக்டருக்கு இருட்டு வேண்டும். எட்டு நூற்றாண்டாகச் சுவரில் ஒளியால் கதை சொல்லிக்கொண்டிருக்கும் கட்டடத்தில், இரவுக் காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டாம் ஆட்டம்தான். அதனால் ஷார்த்ருக்குப் போகிறவர்கள் மத்தியானமே போய்ச் சேருங்கள். வெயில் இருக்கும்போது உள்ளே, இருட்டியதும் வெளியே. இரவுக் காட்சிக்கு மட்டும் போவதென்றால் பாதி ஊரைப் பார்க்காமல் வருகிறீர்கள்.

இனி அமியான். கட்டடத்தை எடுத்துவிட்டால் காட்சியே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான்.

அமியான் பேராலயம் 1220இல் கட்டத் தொடங்கியது. உள்ளே கூரை 42 மீட்டர் உயரம், உள்ளளவில் பிரான்சின் மிகப் பெரிய கோதிக் பேராலயம். யுனெஸ்கோ பட்டியலில் 1981இல் சேர்ந்தது. இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். காட்சிக்கு அடிப்படையான செய்தி வேறு. 1990களில் மேற்கு முகப்பின் வாசல் சிற்பங்களில் நூற்றாண்டுகளாகப் படிந்த கரியையும் தூசியையும் லேசர் கொண்டு சுத்தம் செய்தார்கள். அழுக்கு போனபோது கல்லின் இடுக்குகளில் பழைய வண்ணத்தின் மிச்சம் தெரிந்தது. ஐரோப்பாவின் பழைய கோயில் என்றால் சாம்பல் நிற வெறுங்கல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வாசல்கள் கட்டிய காலத்தில் சிவப்பும் நீலமும் பொன்னும் பூசி, உடையில் பூவேலை செய்து, முகத்துக்குக் கண்ணும் உதடும் தீட்டி நின்றிருக்கின்றன. இன்னும் சொன்னால், நம் கோபுரம் மாதிரி.

திரும்பவும் பெயிண்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிஞ்சியிருக்கும் தடயமும் அழிந்திருக்கும், சண்டையும் வந்திருக்கும். அவர்கள் ஒளியால் பூசினார்கள். ‘குரோமா’ என்று இப்போது பெயர் வைத்திருக்கும் காட்சியில் முதல் பகுதி வழக்கமான ஜாலம்தான். முகப்பு நொறுங்குவது போலவும் திரும்பக் கட்டப்படுவது போலவும் வருகிற வகை. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. கடைசிப் பகுதியில்தான் மூன்று வாசல்களுக்கும் வண்ணம் வருகிறது. நடு வாசலில் ஆண்டவர், வலப்புறம் மாதா, இடப்புறம் ஊரின் முதல் ஆயரான புனித ஃபிர்மான். ஒவ்வொரு சிலையின் அங்கியும் தாடியும் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டமும் விளிம்பு பிசகாமல் நிறம் கொள்கின்றன. கொஞ்சம் நகர்ந்தால் மூக்கின் நிறம் கன்னத்தில் விழும். வேலையின் கஷ்டம் அங்கேதான் இருக்கிறது. இந்த ஒளியை வேறு எந்தச் சுவரில் அடித்தாலும் வெறும் புள்ளிகள்தான், அந்தச் சிற்பங்களின் மேல் விழும்போது மட்டும்தான் அது படம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்கிற ஐரோப்பியர்கள் அந்த நேரத்தில் ஆச்சரியப்படுகிறார்கள். சிலருக்கு இது கொஞ்சம் பகட்டாகக்கூடத் தோன்றும். மணக்குள விநாயகர் கோயிலையும் வில்லியனூர் மாதா தேரையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அதில் எந்த அதிர்ச்சியும் இல்லை. சாமிக்கு நிறம் இல்லாமலா என்று தோன்றும். கடலூர் மாவட்டத்துக் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவைச் சேலை கட்டிய தமிழ்ப் பெண்ணாகவே வைத்துப் பார்த்தவர் வீரமாமுனிவர். அவரைக் கூட்டிப் போயிருந்தால் அமியான் வாசலில் ரொம்ப நேரம் நின்றிருப்பார்.

இதற்கும் காசு கிடையாது. சிக்கல் நேரம்தான். கோடையிலும், பிறகு டிசம்பரிலும் நடக்கிறது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையவே கிட்டத்தட்ட இரவு பத்து மணி ஆகிறது. காட்சி முடிந்து பாரிஸுக்குத் திரும்பும் கடைசி ரயிலை நம்பிப் போனால் ஸ்டேஷன் பெஞ்சில்தான் படுக்க வேண்டியிருக்கும். கோடையில் போகிறவர்கள் கார் வைத்திருக்கும் உறவினரைப் பிடியுங்கள், அல்லது ஓர் இரவு அங்கே தங்குங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், காட்சியும் முன்னேரத்தில் தொடங்கும். வடக்கு பிரான்சில் பெயர் பெற்ற கிறிஸ்துமஸ் சந்தையும் அப்போது நடக்கும். ஆனால் திறந்த வெளியில் அசையாமல் நிற்க வேண்டும். நம் ஊர் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்கு ஒரு பொருட்டே இல்லை.

லண்டனைப் பற்றியும் கொஞ்சம். செயின்ட் பால் பேராலயத்தில் அமெரிக்கக் கலைஞர் பில் வயோலாவின் ‘மார்ட்டர்ஸ்’ (வேதசாட்சிகள்) என்ற வீடியோப் படைப்பு 2014இல் நிறுவப்பட்டது. நான்கு செங்குத்துத் திரைகள், சுமார் ஏழு நிமிடம், ஒலி கிடையாது. மண், காற்று, நெருப்பு, நீர் என்று ஒவ்வொரு திரையிலும் ஒரு மனிதர் ஒரு பூதத்தின் கையில் அகப்பட்டு, அசையாமல் அதைத் தாங்குகிறார். 2016இல் மாதாவைப் பற்றி மூன்று திரைகளில் இன்னொரு படைப்பும் சேர்ந்தது. இதில் ஜாலம் எதுவும் இல்லை. வேதசாட்சி என்றால் என்னவென்று அறிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கவும் வேண்டாம். தேவசகாயம் பிள்ளையின் கதை கேட்டு வளர்ந்தவர்கள் பார்த்ததும் கையைக் குவித்துவிடுவார்கள். கலை என்ற அளவில் இந்தப் பட்டியலிலேயே இதுதான் உயரம் என்பேன். மாலில் வைத்தால் செத்துப்போகும். ஆனால் வேறொரு நல்ல தேவாலயத்தில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும், அந்த ஓர் இடத்தில்தான் அமியானிடம் தோற்கிறது.

தோற்காவிட்டாலும் போவது சுலபமில்லை. ஷெங்கன் விசா பிரிட்டனில் செல்லாது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா, தனிக் கட்டணம். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினருக்கும் 2025 ஏப்ரலிலிருந்து ஆன்லைனில் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. ஏழு நிமிட வீடியோவுக்காக இவ்வளவும் வேண்டாம். வேறு வேலையாக லண்டன் போகிறவர்கள் தவறவிடாதீர்கள். போனால் திருச்சியில் இறந்த பிஷப் ஹீபருக்கு செயின்ட் பாலிலேயே ஒரு சிலை இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்.

பிரெனே மலையில் தவுல் என்ற ஊரிலிருக்கும் சான்த் கிளிமென்த் கோயில் என் கேள்விக்கு அமியானுக்குச் சமமாகப் பதில் சொல்கிறது. 1123இல் அர்ச்சிக்கப்பட்ட கோயில். பீடத்துக்குப் பின் இருந்த சுவரோவியம் விற்கப்பட்டு வெளிநாடு போய்விடுமோ என்று பயந்து, 1920 வாக்கில் அதை அப்படியே உரித்துப் பார்சிலோனாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று வெறுஞ்சுவரில் அந்த ஓவியத்தை ஒளியால் திரும்ப வரைகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டு சொன்னவர் நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ். கே. கோவிந்தசாமி. அங்கே ஒரே சுவரில் இரண்டு ஓவியங்கள், தவுலில் ஓவியமே இல்லாத சுவர். உள்ளே நடப்பதால் பகலிலும் பார்க்கலாம், பத்து நிமிடம்தான். ஆனால் ரயில் போகாத மலைக் கிராமம். பார்சிலோனாவிலிருந்து கார் எடுத்து ஓட்டத் தயாராக இருக்கிறவர்களுக்கு மட்டும்.

வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. சம்பா கோயிலில் தினமும் பூசை காண்கிற அம்மாவுக்குப் பீடத்தின் மேல் லைட் அடித்து வேடிக்கை காட்டுவது பிடிக்குமா? பிடிக்காமல் போகலாம், அதில் தப்பும் இல்லை. அமியானிலும் ஷார்த்ருவிலும் ஒளி வெளிச்சுவரில்தான் விழுகிறது, உள்ளே நற்கருணை முன் யாரும் வேடிக்கை காட்டுவதில்லை. ஆன்வலீத் குவிமாடம் இன்று ராணுவ அருங்காட்சியகத்தின் பகுதி, பங்குக் கோயில் அல்ல. செயின்ட் பாலில் இருப்பது பேராலயமே கேட்டு வாங்கி வைத்தது. வழிபாடு நடக்கிற பசிலிக்காவுக்குள்ளேயே, பூசை இல்லாத நேரத்தில் சீட்டு விற்றுக் காட்டுவது மொன்றியலில்தான். அதைப் பற்றிக் கோபப்பட அம்மாவுக்கு உரிமை உண்டு.

மாதத்தை வைத்து முடிவெடுப்பது எளிது. பள்ளி விடுமுறைக்கு மே மாதம் போகிறவர்களுக்கு அமியான் இன்னும் தொடங்கியிருக்காது, ஷார்த்ரு நடந்துகொண்டிருக்கும். பிரெஞ்சுக் கோடையில் இருக்கிறவர்கள், டிசம்பரில் போகிறவர்கள் இருவருக்கும் என் பதில் அமியான்தான். அதிக தூரம் நடக்க முடியாதவர்கள் உடனிருந்தால் எந்த மாதமும் ஆன்வலீத். எதுவானாலும் புறப்படும் முன் அந்த வருடத்துத் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள், வருடத்துக்கு வருடம் மாறும்.

அமியான் ரயில் கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து புறப்படுகிறது, ஒன்றேகால் மணி நேரம் வாக்கில் ஆகும். அதே ஸ்டேஷனுக்குப் பின்னால் நடந்து போகிற தூரத்தில்தான் லா ஷப்பேல் தமிழ்க் கடைகள். கோடை இரவில் காட்சி முடியும்போது அமியானில் சாப்பிட எதுவும் திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். லா ஷப்பேலில் கொத்து ரொட்டியோ இடியாப்பமோ பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள். பேராலய முற்றத்தில் நாற்காலி போட்டிருக்க மாட்டார்கள், மடக்கு ஸ்டூல் ஒன்று இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.